கொலைகாரியின் மருந்துக்கடை

நவம்பர் 11
தலைநகர் மொண்டேவிடேயோவிலிருந்து படப்பிடிப்புக் குழு மறுபடி எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. ‘நீதிபதியும் மீன்காரியும்’ தொடருக்கு இது ஆறாவது ஆண்டு. ஓய்வு பெற்ற நீதிபதியம்மா ஒருத்தி, வாய்த்துடுக்கான மீன்காரி ஒருத்தி. எதிலும் ஒத்துப்போகாத இந்தச் சிநேகிதிகள் வாரம் ஒரு கொலையைத் துப்புத் துலக்குவார்கள். பிணங்களையும் கொலையாளிகளையும் உள்ளூரிலேயே பொறுக்கிக்கொள்கிறார்கள். இன்னும் கொல்லப்படாதவர்களுக்கு இங்கே மதிப்பில்லை. பாதிரியார் இரண்டு முறை செத்துவிட்டார்.

நவம்பர் 14
பக்கத்து அழகு நிலையத்து நெல்லிக்குப் பிணம் வேடம். எனக்குக் கொலைகாரி வேடம்: தோழி குடுவையிலிருந்து குழலால் உறிஞ்சும் மாத்தே இலைப் பானத்தில் விஷம் கலக்கும் மருந்துக்கடைக்காரி. என் சொந்த வெள்ளைக் கோட்டே போதும் என்பதில் இயக்குநருக்குத் திருப்தி.

நெல்லி சொன்னாள்: “இத்தனை வருஷமா உன் மாத்தேயைக் குடிச்சும் நான் சாகல. இப்பவாவது ஒழுங்காப் போடு, சுல்மா.”

நவம்பர் 19
நெல்லி செத்தாள். குழலை உறிஞ்சினாள், தொண்டையைப் பிடித்தாள், விழுந்தாள், எழுந்தாள், தாயையும் புனிதர்களையும் அழைத்தாள், மறுபடி விழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த விஷத்துக்கு இப்படித்தான் சாவார்களா என்று இயக்குநர் என்னைக் கேட்டார். சத்தமில்லாமல் சாய்வார்கள், அவ்வளவுதான் என்றேன்.

ஏப்ரல் 20
ஊரே மன்றத்தில் கூடித் தொடரைப் பார்த்தது. நெல்லியின் சாவை வெட்டிவிட்டார்கள்; ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. குடுவையை நீட்டும் என் புன்னகையோ திரை முழுக்க.

“என் சாவைக் கெடுத்துட்டியேடி” என்று சொல்லிவிட்டு நெல்லி எழுந்து போனாள்.

ஏப்ரல் 27
ரொட்டிக்கடை ஓடிலாவுக்கு வழக்கம்போல் மாத்தே நீட்டினேன். நெஞ்செரிச்சலாம், வேண்டாமாம். தபால்காரருக்கும் நெஞ்செரிச்சல். ஊருக்கே இப்படி ஒரு நோய் வந்திருக்கிறது, ஒருவரும் அதற்கு என்னிடம் மருந்து வாங்கவில்லை.

மே 8
அட்டையில் அடைத்த மாத்திரை கொஞ்சம் போகிறது. குப்பியில் உள்ள எதுவும் போவதில்லை. “அது வெறும் கதைதானே, சுல்மா” என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, இருமல் மருந்துக்கு அடுத்த ஊர் பேருந்தில் ஏறுகிறார்கள்.

மே 16
இப்படியே போனால் வரப்போகும் குளிர்காலம் முடிவதற்குள் கடையை மூட வேண்டியதுதான். இடத்தை வாங்க நினைக்கும் தலைநகரத்து ஆள் ஒருவர் வந்து சுவர்களை அளந்துவிட்டுப் போனார்.

நெல்லி தினமும் இரண்டு வாசலையும் சேர்த்துத்தான் பெருக்குவாள். இப்போது என் வாசலுக்கு முன்னால் கோடு போட்டதுபோல் துடைப்பம் நின்றுவிடுகிறது.

சத்தமில்லாமல் சாய்வார்கள் என்று நான் வேண்டுமென்றா சொன்னேன்? இயக்குநர் கேட்டார், சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம் — ஒரு பொய்யால் யார் குடி முழுகியிருக்கும்? உண்மையால் இப்போ என் குடிதான் முழுகுது.

மே 18
தனியாகக் குடித்தால் மாத்தே கசக்கிறது. எப்போதும் கசக்கும்தான்.

ஜூன் 2, ஞாயிறு
எதிரே ரொட்டிக்கடையில் நல்ல கூட்டம். நெல்லி தன் நாற்காலியைத் தூக்கி வந்து என் கடை வாசலில் போட்டாள்.

“கடையை மூடப் போறியாமே?”

ஆமாம் என்றேன்.

“ஊத்துடி.”

ஊற்றினேன். எதிர் வாசலிலிருந்து ஓடிலா, “நெல்லி, பாத்துக் குடி” என்றாள்.

“செத்த நானே குடிக்கிறேன். உயிரோட இருக்கற உனக்கென்னடி பயம்?”

கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாள். பிறகு தொண்டையைப் பிடித்தாள். விழுந்தாள், எழுந்தாள், தாயை அழைத்தாள், புனிதர்களை வரிசையாக அழைத்தாள். வெட்டப்பட்டதெல்லாம் வந்தது, புதிதாகவும் சில வந்தன. வரிசையில் நின்றவர்கள் ரொட்டியை மறந்து சிரித்தார்கள். கடைசியாக விழுந்த விதம் நன்றாக இருந்தது என்று அனுபவஸ்தரான பாதிரியார் கருத்துச் சொன்னார்.

நடைபாதையில் கிடந்தபடியே நெல்லி காலிக் குடுவையை என் பக்கம் நீட்டினாள்.

“இன்னொண்ணு ஊத்து. ஊர் கேக்கச் சொல்லு, படிச்சவளே. அந்த விஷத்துக்கு எப்படிச் சாவாங்க?”

“இப்படித்தான்” என்றேன். “அச்சு அசலா இப்படியேதான்.”

ஜூன் 3
ஓடிலா இருமல் மருந்து வாங்கினாள். குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், ஆனாலும் வாங்கினாள்.

காலையில் கடை திறக்க வந்தபோது என் வாசலும் பெருக்கியிருந்தது.