முதல் ஐந்நூறு கிலோமீட்டர்

அன்புள்ள அளவுக்காரிக்கு,

நலம் என்று எழுத ஆரம்பித்தேன். பொய்யாக இருந்ததால் அடித்துவிட்டேன். நீயும் உன் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று அக்கா கேட்பார். என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. அது பார்த்த வேலையால்தான் ஏழு மாதமாக நீ அக்கா வீட்டில் இருக்கிறாய்.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஊரார் இன்ஜினையெல்லாம் கழற்றி மாட்டுகிறவன் தன் வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போடமாட்டான் என்று நீ சொல்வது மெய்தான். ஒர்க்‌ஷாப்பில் உன் மேசையை யாரையும் தொடவிடவில்லை. நீ முடியளவுகூடப் பிசகாமல் அளக்கும் மைக்ரோமீட்டரை வாரம் ஒருமுறை துடைத்து அதன் பெட்டியிலேயே வைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டரின் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் திரும்பி வந்துவிட்டது. நீ கடைசியாகக் கோர்த்த இன்ஜின். இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் ஆயில் குடிக்கிறதாம். பின்னால் வருகிறவர்கள் நீலப் புகையில் இருமிக்கொண்டே திட்டுகிறார்களாம். வேறு இரண்டு இடத்தில் காட்டிவிட்டு, கடைசியில் நம்மிடமே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

வியாழக்கிழமை இன்ஜினை இறக்கிப் பிரித்தேன். லேத்துக்காரரும் கூட இருந்தார். ஒரு பிஸ்டன் ரிங்காவது தலைகீழாக மாட்டியிருக்க வேண்டும் என்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். பதினெட்டு ரிங்கையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடையாளப் புள்ளி மேல்பக்கம்தான். உன் வேலையில் ஒரு குறை இல்லை. குறை சிலிண்டருக்குள் இருந்தது. ஹோனிங் கல்லால் தேய்த்துப் போட்ட குறுக்குக் கோடுகள் என்று விரல் வைத்துக் காட்டினாயே, அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. உள்சுவர் முகம் பார்க்கும் கண்ணாடியாகப் பளபளத்தது. ரிங் சுவரோடு பொருந்தாமல் வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது, ஆயில் அந்த வழியாக மேலேறி எரிந்திருக்கிறது. லேத்துக்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாருப்பா இந்த இன்ஜினைத் தாலாட்டி ஓட்டினது?" என்று கேட்டார்.

நான்தான். கோர்த்த இன்ஜினைப் பழக்கும் அந்த முதல் ஐந்நூறு கிலோமீட்டரை ஓட்டியது நான்தானே.

நீ சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாய். மேட்டில் ஏற்று, நன்றாக மிதித்து வேகமெடு, காலை எடுத்துவிடு, வேகம் தானாக இறங்கட்டும், மறுபடி மிதி, ஒரே வேகத்தில் மட்டும் போகாதே. அந்த அழுத்தத்தில்தான் ரிங் சுவரோடு தேய்ந்து உட்காரும் என்றாய். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, "பயப்படாம மிதிங்க, அது உடைஞ்சிடாது" என்றும் சொன்னாய். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டுப் போய், சமதரையில் நாற்பதுக்கு மேல் போகாமல் உருட்டினேன். சீட்டு சட்டைப் பையிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு நாம் வந்த பிறகு நீ தொட்ட முதல் இன்ஜின் அது. ஆறு வாரம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள், ஒரு காலையில் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றாய். அந்த இன்ஜினுக்கு ஒன்று ஆனால் நீ மறுபடி படுத்துவிடுவாய் என்று பயந்தேன். முந்நூறு கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோதே ஆயில் குறைந்திருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நீ சாப்பிடப் போன நேரம் பார்த்து அரை லிட்டர் ஊற்றி மூடினேன். இரண்டு தடவை அப்படி. அன்றே சொல்லியிருந்தால் நீயே மேட்டில் ஏற்றிச் சரிசெய்திருப்பாய்.

வீட்டிலும் அதையேதான் செய்தேன். நீ அழ ஆரம்பித்தால் ரேடியோ வைத்தேன். தொட்டிலை உனக்குத் தெரியாமல் பிரித்துப் பரணில் ஏற்றினேன். நாம் தேர்ந்து வைத்திருந்த பெயரை நீ சொல்ல வாயெடுத்த அன்று, டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பிறகு டாக்டர் புகையோடு வந்து நின்றார். "என் வீட்டுக்காரி கோர்த்தது சார். குழந்தை போனதுலேருந்து அவளுக்கு வேலையில மனசு இல்ல" என்றேன். நீ எனக்குப் பின்னால் நின்றிருந்தாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைத்தான் சொன்னாள். உன்னிடம்கூட நான் வாய்திறந்து பேசாத நம் குழந்தையை யாரோ ஒருவரிடம் சாக்காகச் சொன்னேன். நீ ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினாய், கை கழுவினாய், போய்விட்டாய். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம் என்பார்கள், இதை எப்படி அள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் கேட்க, தப்பு என்னுடையது, அவள் வேலையில் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, உங்கள் மனைவி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். தெரியாது சார் என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பல்வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த ஒரு அம்மாள், பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னார்.

சிலிண்டருக்கு மறுபடி ஹோனிங் போட்டாயிற்று. புது ரிங்குகள் உன் மேசையில் பிரிக்காமல் இருக்கின்றன. மாதக் கடைசிவரை டாக்டர் பொறுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீ வராவிட்டால் லேத்துக்காரர் கோர்ப்பார். உன் சீட்டில் எழுதியபடியே ஓட்டுவேன்.

தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி, மாட்டி, ஜன்னல் பக்கம் அது இருந்த இடத்திலேயே போட்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. ஒரே ஒரு முறை அதை நாம் இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அங்கேயானாலும் சரி, நானே வருகிறேன். நீ எவ்வளவு அழுதாலும் எழுந்து போகமாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா