மூன்று புள்ளி ராட்செட்

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே சித்திரை மாதிரி. காலை பஸ்ஸில் அரியலூரிலிருந்து பெரம்பலூர். பழைய இரும்புக் கடை காதர் பாய் போன் பண்ணியிருந்தார். தகரப் பெட்டியோடு, நட்டு முடுக்குகிற ஒரு ராட்செட் செட் வந்திருக்கிறதாம். எடைக்குப் போட மனசு வரவில்லை, நீங்கள் பார்த்துவிட்டால் நல்லது என்றார்.

பெட்டி முழுக்கத் துரு. கீல் ஒன்று இல்லை. ராட்செட் கைப்பிடி ஒன்று, நீட்டுக் கம்பி ஒன்று, நட்டின் மேல் மாட்டும் சாக்கெட் பதினொன்று. குரோம் பூச்சு கிடையாது, வெறும் கறுப்பு. எல்லாம் இன்ச் அளவு, அதிலும் பழைய முறை: போட்டிருக்கும் எண் போல்ட்டின் தடிமன், நட்டின் அகலம் அல்ல. தெரியாதவன் மாட்டிப் பார்த்துவிட்டு அளவு தப்பு என்று தூக்கிப்போடுவான். வாங்கிவிட்டேன்.

மடியில் வைத்து வந்ததில் வேட்டியில் துருக்கறை. மல்லிகா திட்டவில்லை. இரும்புக் கடைக்கென்றே ஒரு வேட்டி ஒதுக்கி வைத்திருக்கிறாள், நான்தான் மாற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

இதோடு ஒன்பது செட்.

நாளைக்கு: மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், சுகர் மாத்திரை.

மார்ச் 4, புதன்

மாத்திரை மறந்துபோனது.

சாக்கெட்டுகளை ஊறவைத்துத் தேய்த்தேன். மேலே சாக்பீஸ் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும், தேய்ந்த எழுத்தும் படிக்க வரும். ஏழு ஒரே கம்பெனி. நான்கு வேறு, பிற்பாடு சேர்த்தவை. ராட்செட் ஒரு சுற்றுக்கு இருபத்துநாலு கிளிக். பல் ஒன்றுகூட உடையவில்லை.

கடைசியில் பெரிய சாக்கெட். வாயோரம் விரிசல், அதன் மேல் பித்தளை ஒட்டு. ஒட்டை அரம் போட்டவர் இடது பக்கம் கொஞ்சம் மேடாக விட்டிருக்கிறார்.

அது நான் விட்டது. ஷிப்டு முடியும் சங்கு ஊதிவிட்டது, நாளைக்குத் தேய்க்கலாம் என்று வைத்தேன்.

ராட்செட்டைத் திருப்பினேன். அடியில் மூன்று புள்ளி. டூல் ரூம் சாமானுக்கெல்லாம் பஞ்ச் உளி வைத்து மூன்று புள்ளி அடித்ததும் நான்தான்.

சாக்பீஸ் தடவி இன்னொரு தடவை எண்ணினேன்.

பத்தொன்பது வருஷம் முன்னால், சுரங்க ஒர்க்‌ஷாப்பில் காணாமல் போன செட் இது. டூல் ரூம் சாவி என் பொறுப்பு. மூன்று மாதம் சஸ்பெண்ட். திருப்பிச் சேர்த்துக்கொண்டார்கள், டூல் ரூம் பக்கம் விடவில்லை. அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை கேட்டில் என் சாப்பாட்டுப் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். ராட்செட் சேர்க்கிற பைத்தியம் என்று எனக்குப் பெயர். மற்ற எட்டும் இதைத் தேடும்போது கையில் வந்தவை.

தனபாலுக்குப் போன் பண்ணினேன். அதே ஷிப்டில் இருந்தவன். எந்தக் கடைக்குத் தேடிப் போனாலும் கூட வருகிறவன், நேற்றுதான் வரவில்லை. அந்தச் செட் கிடைத்துவிட்டது என்றேன். "யாரு குடுத்தா?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டில் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற கூட்டம், நிற்க இடமில்லை.

காதர் பாயிடம், கொண்டுவந்தது யார் என்று கேட்டேன். வரதராஜன்பேட்டையில் ஒரு வீட்டை இடித்துக் கட்டுகிறார்களாம், பரண் சாமான் மொத்தமாக வந்ததாம்.

"யாரு வூடு பாய்?"

"டிராக்டர் வெச்சிருந்தாரே ராமலிங்கம், அவரு வூடுதாங்க. ஏங்க, தப்பான சாமானா?"

தப்பான சாமான் இல்லை என்றேன். டீ சொன்னார், குடிக்கவில்லை.

ராமலிங்கம், தனபாலின் மச்சான். அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். அந்தப் பரணுக்குக் கீழே பாய் போட்டு மத்தியானம் தூங்கியிருக்கிறேன். அப்போது தனபால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று எழுதப் பிடிக்கவில்லை.

இன்று தனபால் வீடு. ராட்செட்டை மஞ்சள் பையில் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். மறுக்கவில்லை. அறுப்பு நேரத்தில் மச்சானின் பழைய டிராக்டர் நின்றுவிட்டதாம், அதற்கு இன்ச் சாக்கெட் எங்கும் கிடைக்கவில்லையாம். இரண்டு நாளில் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்தானாம். அதற்குள் சாமான் சரிபார்க்க வந்துவிட்டார்கள்.

சாப்பிடப் போகும்போது சாவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போவேன். விசாரணையில் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவனையும் இழுப்பார்கள், இரண்டு பெண் குழந்தை.

"நான் அதை யார்ட்டயும் சொல்லலன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன்டா எங்கூடக் கடை கடையா வந்த?"

"மொதல்ல, நீ எங்க தேடுறன்னு பாத்துக்கத்தான் வந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்பறம் பழகிப்போச்சு. ஞாயித்துக்கெழம ஒங்கூட வராம இருக்க முடியல."

அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கேட்டில் பையைத் திறந்து காட்டும்போதெல்லாம் அவன் எனக்காக ஓரமாக நிற்பான், சேர்ந்துதான் வெளியே வருவோம். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

தண்ணீர் வரவில்லை. மோட்டார் காயில் போய்விட்டது போல.

மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவே இல்லை. அப்போதே எனக்கு ஏதோ பட்டது.

"இப்பத்தான் தெரிஞ்சுதா" என்றாள்.

ஆறு வருஷம் முன்னால் தனபால் மனைவி வந்து இவளிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் எனக்கும் தனபாலுக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தவள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அந்த வேலையில ஒங்கள மனுசனா மதிச்சது அவரு ஒருத்தருதான். அதையும் புடுங்கிட்டா நீங்க என்ன ஆவீங்க? அதாங்க சொல்லல."

மத்தியானம் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை.

நாலு மணி வாக்கில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். மல்லிகா எட்டிப் பார்த்துவிட்டு, தனபால் என்றாள். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

"இனிமே நான் எதையும் மறைக்க மாட்டேன். நீங்களே போயி சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

கதவைத் திறந்தேன். "நான் இல்ல" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பினான்.