எண்ணெய் விட்டால் ஓடாத உடம்பு

அன்புள்ள அக்கா,

இன்று மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்றவர் கையில் அந்தப் பச்சை மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அழுத்தினால் மெத்தென்று அமுங்குமே, அதேதான். வாங்க வந்த இருமல் மருந்தை மறந்து உங்களையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் நீங்கள் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின், நான் பக்கத்தில் தைத்ததைப் பார்க்கும் செக்கிங். தூங்கி எழுந்தாலே உங்களுக்குத் தோளும் இடுப்பும் வலிக்கும். தலை வாருவதற்குள் களைத்துப்போவீர்கள். எந்த டெஸ்டிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தால் வலி போய்விடுமா? ஆனால் உங்கள் வீட்டுக்காரர் முதல் சூப்பர்வைசர் வரை எல்லோருக்கும் அது வசதியாகப் போயிற்று. நடிப்பு என்று காதுபடவே பேசினார்கள்.

கோயமுத்தூர் டாக்டர்தான் முதலில் நம்பினார். நானும் கூட வந்திருந்தேன். அந்தப் பச்சை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். "இந்த மாதிரி வலியில உடம்புக்குள்ள துருப் பிடிக்கிற மாதிரி ஏதோ நடக்குதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க. இந்த வைட்டமின் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட், துருவைத் தடுக்கிற சாமான். சிலருக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். நெல்லிக்காய், கீரை சாப்பிடுங்க. ஆனா ஓய்வு இல்லீன்னா எதுவும் ஆகாதுங்க" என்றார்.

துரு என்றதும் நம் ஆட்களுக்குப் புரிந்தது மிஷின் எண்ணெய் மட்டும்தான். உங்கள் வீட்டுக்காரர் ஒரு மாத்திரையை ஊசியால் குத்திப் பார்த்தார். உள்ளே எண்ணெயேதான் இருந்தது! "எண்ணெய் விட்டாச்சு, இனி ஓட வேண்டியதுதானே" என்றார். ஓய்வு என்று டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நீங்களும் அந்த எண்ணெய்க் கதையை நம்பியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரக்கு ஏற்றுகிற ஷிப்மென்ட் வாரம் முழுக்க மாத்திரையை விழுங்கிவிட்டு ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் மிஷின் நின்றது. துணியைப் பிடித்த விரல்கள் மடங்கவில்லை. சூப்பர்வைசர் வந்தார்.

"ஏனுங்க்கா, சத்து மாத்திரை சாப்புடறீங்கல்ல? அப்பறம் என்னங்க?"

"வலிக்குதுங்க. கையத் தூக்க முடியலீங்க."

"ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லீங்களே. ஊட்டுக்குப் போறதுன்னா நாளைக்கு வர வேண்டாமுங்க."

வேலையை விட்டு அனுப்பும்போதுகூட நம் ஊரில் மரியாதை குறையாது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் வேலையும் அந்த ஆள் கையில்தான் இருந்தது. "நெசமாத்தானுங்க, அக்காவுக்கு முடியலீங்க. நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்று எழுந்தேன்.

இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. உங்கள் வீட்டுக்காரர் முணுமுணுத்தபடி இருந்தார், நீங்கள் சில மாதம் படுத்தே கிடந்தீர்கள். மாத்திரையையும் விடவில்லை. பிறகு ஒரு சின்ன யூனிட்டில் ஒரே ஷிப்டுக்குச் சேர்ந்தீர்கள். வலி குறைந்தது, போகவில்லை.

"மாத்திரை கேட்டுச்சா, படுத்தது கேட்டுச்சான்னு எனக்கே தெரியல கண்ணு. பாதி நாள் நல்லாருக்குது, அது போதும்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இனிப் பார்க்க முடியாது என்பதை என் மனசு இன்னும் ஏற்கவில்லை, அக்கா.

இப்போது நானே சூப்பர்வைசர். ஷிப்மென்ட் நேரத்தில் முதலாளி கத்தினால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு பெண் வந்து முடியவில்லை என்றால், டெஸ்டில் என்ன வந்தது என்று நான் கேட்பதில்லை. போய்ப் படு என்று அனுப்பிவிட்டு, அவள் மிஷினில் நானே உட்கார்ந்துகொள்கிறேன்.