கணிதம் என்று எழுதிய கதைப் புத்தகம்

மகள் லைலா,

அலுமாரிக்கு மேலே உன் கதைப் புத்தகம் இருக்கிறது, எடுத்துக்கொள். பின்னேரம் நூல்நிலையத்தில் புதுப் புத்தகங்களைப் பற்றி நீ பேச வேண்டுமே.

“கணக்குப் புத்தகமெண்டு காட்டிக் களவாக் கதை வாசிக்கிறியா?” என்று நேற்றுத் திட்டிப் பறித்தேன். உறையில் இருப்பது என் கையெழுத்து என்று காலையில்தான் கண்டேன். பள்ளிப் புத்தகங்களோடு சேர்த்து இதற்கும் தாள் உறை போட்டு, மேலே ‘கணிதம்’ என்று எழுதிய கெட்டிக்காரன் நான்தான். நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, என்ன பிள்ளையோ! சரி, நான் எங்கே சொல்லவிட்டேன்.

உம்மா அவித்த பிட்டு குசினியில் இருக்கிறது, சாப்பிடு. கோபம் என்னோடுதானே, பிட்டோடு இல்லையே.

வாப்பா

இன்னொன்று: உன் கதையைப் பாதி வாசித்துவிட்டேன், வேலைக்குப் போக மூதூர் லோஞ்சுப் படகுக்கு நேரமாகிவிட்டது. கதையில் வரும் அந்தப் பிள்ளை தோணியோடு கரை சேர்ந்தாளா? பின்னேரம் பேசும்போது முடிவைச் சத்தமாகச் சொல். வேலை முடிந்து வந்து, நூல்நிலைய ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் செயின் கழன்றவன்போல் நிற்பேன்.