திரும்பி வந்த தட்டு

அன்புத் தோழிக்கு,

என் மகன் தோயுன் பிறந்த நூறாம் நாளன்று அரிசிக் கேக் வைத்து உனக்கு அனுப்பிய தட்டு, அவனுடைய முதல் பிறந்தநாளான இன்று காலை என் வாசலில் இருந்தது. உனக்கு அனுப்பியிருக்கக் கூடாதென்று கூசித்தான் இத்தனை மாதம் உன் பக்கமே வரவில்லை.

தட்டில் வெள்ளை நூற்கண்டு. முதல் பிறந்தநாளில் குழந்தை எதை எடுக்கிறதென்று பார்க்க மேசையில் பரப்பும் பொருள்களோடு, நீண்ட ஆயுளுக்கு எல்லோரும் வைப்பதுதான். ஆனால் இது உன் மகள் யேரின் தன் முதல் பிறந்தநாளில் எட்டிப் பிடித்த நூல். அவள் சப்பிய முனை இன்னும் விறைப்பாக இருக்கிறது.

"அத மேசையில வைக்காத. அந்தப் பிள்ளைக்கே உதவலையே" என்றார் இவர்.

கடையில் வாங்கிய நூலை எடுத்துவிட்டு அதைத்தான் வைத்தேன். ஜன்னல் வெயிலில் அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் மிதந்தது. தோயுன் தாழ்வான மேசையின் ஓரமாகப் பென்சிலைத் தாண்டி, பணத்தைத் தாண்டித் தவழ்ந்தான். பக்கத்தில் இன்னொரு குழந்தையும், உன் யேரின் போலவே, தவழ்ந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

எதைப் பிடித்தான் என்று எழுதமாட்டேன். வந்து பார். தூங்கிவிட்டான், இன்னும் அந்தக் கையை விடவில்லை.

உன் அடுத்த தெருக்காரி