நீ வராத முதல் வகுப்பு

இன்று காலை கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் பலாச்சுளைப் பொட்டலத்தோடு வந்தார். புதுச்சத்திரம் வரைக்கும் அந்த வாசனையைத் தாங்கிக்கொண்டேன். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து போய்ப் படிக்கட்டருகே நின்றுகொண்டேன்.

பயிற்சி முடிந்து சிதம்பரம் திரும்பிய அன்று உன் மடியிலும் பலாச்சுளைதான் இருந்தது.

நான் ஓய்வு பெற்றதும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் துறைமுகத்துப் பக்கம் நடத்தும் வகுப்பில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு வரலாம் என்றது நீதான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கடைத்தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் என்று எல்லாரும் வருகிற இடம். அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு முதலில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அதில் என்னை ஆசிரியராகவும் உன்னைச் சிறுமியாகவும் நடிக்கச் சொன்னார்கள்.

"உன் பேரு என்னம்மா? அப்பா என்ன வேலை செய்றாரு?" என்று கேட்டேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நன்றாக நடிக்கிறாய் என்று எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். நீ நிமிரவே இல்லை.

உன் சின்ன வயதிலேயே உன் அப்பா வீட்டை விட்டுப் போனது எனக்குத் தெரியும். மற்றதை அன்று பஸ்ஸில்தான் சொன்னாய்.

"வருஷா வருஷம் கேப்பாங்க. ஒரு வருஷம் லாரி டிரைவர்னு சொன்னேன். அடுத்த வருஷம் நெல்லிக்குப்பம் மில்லுல வேலைன்னு சொல்லிட்டேன். டீச்சர் ரெண்டையும் ஞாபகம் வச்சிருந்தாங்க."

"இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லலியே?"

"சொல்ற மாதிரி ஒரு நாளும் வரலீங்க." பிறகு ஒரு சுளையை எடுத்து என் கையில் வைத்தாய்.

அதற்குப் பிறகு உனக்கு அந்த வகுப்பைத் தவிர வேறு பேச்சே இல்லை. பக்கத்து மனையில் கட்டட வேலை செய்த பீகார்ப் பெண்ணிடம் நாலைந்து இந்தி வார்த்தை கற்றுக்கொண்டாய். சோறு போடும்போது "பைட்டோ" என்று என்னை அதட்டுவாய். உட்காரு என்று அர்த்தமாம்.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது துணி காயப்போட மாடிக்குப் போனாய். நெடுநேரமாகியும் இறங்கி வரவில்லை. நான் மேலே வந்து பார்த்தபோது பாதித் துணி கொடியில் இருந்தது. நீ தரையில் கிடந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதன் பிறகு நீ கண் திறக்கவில்லை.

பயிற்சி கொடுத்த பெண் போன் செய்தாள். "நீங்க இப்ப வரணும்னு இல்ல சார். மெதுவா வாங்க." வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

இன்று பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டேன். சங்கரா மீன் என்றான் ஒருவன். தம்பியைத் தவிர எல்லாமே பிடிக்கும் என்றாள் ஒருத்தி. பீகார்ச் சிறுமி ஒருத்தி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு "பைட்டோ" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்குத் தமிழ் தெரியும் சார். செருப்ப எங்க விடறதுன்னுதான் பாத்தேன்."

திரும்பி வரும்போது வழியெல்லாம், எதை முதலில் உன்னிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பூட்டில் சாவியைப் போட்டபோதுதான் உறைத்தது.

ஆனாலும் சொன்னேன். சமையலறையில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே, ஒன்றுவிடாமல் சொன்னேன். செருப்பு விஷயம் வந்த இடத்தில், நீ சிரித்து முடிக்கட்டும் என்று நிறுத்தினேன்.