பழைய மேசை விசிறி ஒன்றைத் தீவுக்கு எடுத்துச் செல்ல

அனுப்புநர்
செவித்திறன் பரிசோதகர் (தற்போது குழந்தைப்பேறு விடுப்பில்),
எட்டு மாதப் பெண் குழந்தையின் தாய்,
தையற்கடைக்கு மேல், மூன்றாம் தளம்.

பெறுநர்
பயண உடைமைக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தீவுப் படகுப் போக்குவரத்து அலுவலகம்,
படகுத்துறை.

பொருள்: பயண உடைமை – மின்சாதனம் – பழைய மேசை விசிறி ஒன்று – வணிகச் சரக்கு என வகைப்படுத்தித் திருப்பப்பட்டது – அடுத்த வார வியாழன் படகுக்குள் மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் கணவர் அளித்த உடைமை அறிவிப்புப் படிவம். 2. அதன் மேல் தங்கள் அலுவலகம் இட்ட சிவப்பு முத்திரை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அடுத்த வார வியாழக்கிழமை காலை ஏழு மணிப் படகில் நானும் என் கணவரும் எங்கள் மகளும் தீவுக்குப் போகிறோம். 'போக இருக்கிறோம்' என்றுதான் எழுத வேண்டும். அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை. போவதும் போகாததும் இப்போது தங்கள் கையில் இருக்கிறது.

2. எங்கள் மூவருக்கும் இதுவே முதல் கடல் பயணம். மகளுக்கு எல்லாமே முதல். படகு வாரத்துக்கு ஒருமுறை என்பதால் ஏழு நாள் தங்குகிறோம். திரும்பி வந்த நான்காம் நாள், திங்கட்கிழமை, என் விடுப்பு முடிகிறது. கதவை மூடினால் வெளிச்சத்தம் எதுவும் நுழையாத ஒரு சிறிய அறையில் நான் வேலை செய்கிறேன். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்று சொல்வது என் பணி. அந்த அறைக்குள் மறுபடி போவதற்கு முன் என் மகளோடு ஒரு முழு வாரம், கடலின் சத்தத்தில். நான் கேட்பது இவ்வளவே.

3. மகளைப் பம்பரம் என்று அழைக்கிறோம். காரணம், தரையில் விட்டால் இருந்த இடத்தில் இருக்க மாட்டாள். பம்பரம் நின்று தூங்குவது ஒரே ஒரு விசிறியின் முன்னால் மட்டும். எங்கள் திருமணத்துக்கு முன்பே கணவர் வைத்திருந்த மேசை விசிறி. பச்சை நிறம், ஓரங்களில் துரு. இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்பும். வலது ஓரத்துக்குப் போனதும் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு திரும்பி வரும். மின்பணியாளர் ஒருவர் வேறு வேலையாக வந்தபோது இதைக் கேட்டு, "ரெண்டு நிமிஷ வேலைதாம்மா, சரி பண்ணிடறேன்" என்று திருப்புளியை எடுத்தார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தியதில் அவர் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டார். அன்றைக்குக் குழந்தை விழித்ததும் எங்களால்தான், விசிறியால் அல்ல.

4. பயணத்துக்கு முன் ஒத்திகை பார்ப்பது நல்லது என்று இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கூடத்தைத் தீவாக்கினோம். நீல விரிப்பு, கடல். பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து கேட்டு வாங்கி, மூன்று முறை சலித்து, இரண்டு முறை கழுவி, மொட்டைமாடியில் காயவைத்த மணல், கரை. பிளாஸ்டிக் தொட்டியில் உப்புத் தண்ணீர். ஆணியடித்துத் தொங்கவிட்ட குடை, நிழல். பம்பரம் ஒரு பிடி மணலை அள்ளினாள். விடவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் கையை மூடியே வைத்திருந்தாள், யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பது போல. வெயில் தொப்பியைப் பதினான்கு முறை கழற்றி எறிந்தாள். என் கணவர் அதை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார். நான் நீல விரிப்பில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தேன். கூரையில் தண்ணீரின் வெளிச்சம் ஆடியது. ஐயா, எட்டு மாதத்தில் நான் எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

5. ஒத்திகையின் இரண்டாம் பகுதி மதியத் தூக்கம். விடுதி அறையில் விசிறி இருக்காது என்று வைத்துக்கொண்டு எங்கள் விசிறியைச் சமையலறையில் ஒளித்தோம். பம்பரம் அழவில்லை. அது எங்களுக்குத் தெம்பு தந்தது. அவள் வெறுமனே விழித்திருந்தாள். ஒரு மணி. இரண்டு மணி. மூன்று. விசிறி வழக்கமாக இருக்கும் மூலையைப் பார்த்துக்கொண்டு, கோபம் இல்லாமல், நம்பிக்கையோடு. அதன் பிறகுதான் அழுதாள். அதை நான் இங்கே விவரிக்கவில்லை. தையற்கடைக்காரர் மேலே ஏறி வந்து, "என்னம்மா, யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார் என்பது மட்டும் போதும்.

6. விசிறியின் ஓசையைக் கைபேசியில் பதிவு செய்தேன். தொழில்முறையில் செய்தேன். ஒலியளவும் இடைவெளியும் 'டக்' வரும் நேரமும் துல்லியமாக இருந்தன. குழந்தை ஏமாறவில்லை. ஓசை ஒரு பக்கம் வந்தது, காற்று எந்தப் பக்கமும் வரவில்லை. இரண்டும் ஒரே திசையிலிருந்து வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வருடம் காதுகளோடு வேலை செய்தும் எனக்கு அது தோன்றவில்லை.

7. தீவில் உள்ள விடுதியை நடத்தும் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டோம். "எங்க ஃபேன் சத்தமே போடாதும்மா, புதுசு" என்று பெருமையாகச் சொன்னார். மின்சாரம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வருமாம், அதில் மூன்று மணி நேரம் மதியத்தில், மீதி மூன்று மகள் இரவில் கண்ணயரும் வேளையில். நாங்கள் பதினோரு நாளாக மகளின் மதியத் தூக்கத்தை அந்த மூன்று மணி நேரத்துக்குள் மெல்ல நகர்த்தி வருகிறோம். இன்று அது பொருந்திவிட்டது. கணவர் கைதட்டினார், பிறகு தன் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்த வேண்டியது கையை. "உங்க ஃபேனையே கொண்டாங்க, எனக்கென்ன! இங்க பக்கத்து ரூம்ல ஆளே இல்ல, நல்லா டக்கு டக்குனு ஓடட்டும்" என்று அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லியிருந்தார் அந்த அம்மா. வாசலிலிருந்து பன்னிரண்டு அடி வைத்தால் தண்ணீர் என்றும், முழங்கால் அளவுக்கு மேல் வெகுதூரம் ஆழமே இல்லை என்றும், குழந்தையின் கால் அளவுக்கு மீன்கள் கரையோரமே வரும் என்றும் சொன்னார். அன்று முழுவதும் என் மகளின் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மீன்.

8. இனி தவறு நடந்த இடத்துக்கு வருகிறேன். தவறு எங்களுடையது. என் கணவர் தண்ணீர்ப் பம்புகளின் உதிரிபாகக் கிடங்கில் காப்பாளர். அவர் எந்தப் பொருளையும் முழுதாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. பயணத்தில் அடிபடக் கூடாதென்று விசிறியைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் துணியில் சுற்றி, சீட்டு ஒட்டி, உடைமை அறிவிப்புப் படிவத்தில் தன் கிடங்கு வழக்கப்படியே எழுதினார்: அடிப்பாகம் 1, தண்டு 1, மோட்டார் 1, பின்கூண்டு 1, முன்கூண்டு 1, இறக்கை 1, திருகு 4, மின்கம்பி 1. ஆக மொத்தம் மின் உதிரிபாகங்கள், பதினொன்று. கீழே தன் கிடங்கின் முத்திரையையும் கைப்பழக்கத்தில் வைத்துவிட்டார். பத்து வருடம் ஒரே நாற்காலியில் இருந்தவரின் கை அது. விண்ணப்பம் முடிந்ததும் முத்திரையை நோக்கித் தானாகப் போகும்.

9. படிவம் திரும்பி வந்தது. 'வணிகச் சரக்கு' என்று சிவப்பில். வணிகர் உரிமம் பெற்று விண்ணப்பிக்கவும், அதற்கு இருபத்தொரு வேலை நாட்கள் ஆகும் என்று கீழே குறிப்பு. படகுக்கு இன்னும் ஒன்பது நாட்கள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேற்றுக் காலை தங்கள் முகப்புக்கு வந்தேன். அங்கிருந்த எழுத்தர் படிவத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "ஒரு கைக்குழந்தைக்கு எதுக்கும்மா பதினொரு ஐட்டம்? அங்க போய்க் கடை போடப் போறீங்களா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பம்பரமும் சிரித்தாள், காரணம் தெரியாமல். சிரித்து முடித்த பிறகும் முத்திரை அப்படியே இருந்தது. "முத்திரை விழுந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா, மேல எழுதிக் குடுங்க" என்று அவரே இந்தத் தாளையும் கொடுத்தார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. முத்திரை இடுவதற்கு முன் யாரும் அந்தப் பதினொரு பொருளையும் மனதுக்குள் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதே என் புகார். சேர்த்தால் ஒரு விசிறி.

10. தீவில் மின்சாரம் குறைவு, அதனால் மின்சாதனங்களுக்குக் கட்டுப்பாடு தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். விசிறி ஓடும் நேரத்தில் அறை விளக்கை அணைத்து வைப்போம். கைபேசிக்கு மின்னேற்ற மாட்டோம். கைபேசியில் பேசுவதற்கு அந்த வாரம் எங்களுக்கு யாரும் வேண்டியதில்லை.

11. முத்திரையைப் பார்த்ததும் கணவர், "போக வேணாம்னு சொல்லல, தள்ளிப் போடலாம்னு சொல்றேன்" என்றார். குற்ற உணர்வில் சொன்னார். தன் பட்டியலால் ஒரு கடல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். தள்ளிப் போட்டால் அடுத்த விடுப்பு ஒரு வருடம் கழித்து. அப்போதும் கடல் இருக்கும். ஆனால் கை நிறைய மணலை மூடி வைத்துக்கொண்டு விட மறுக்கும் இந்த எட்டு மாதக் குழந்தை இருக்க மாட்டாள். வேறு ஒருத்தி இருப்பாள், நடப்பாள், ஒருவேளை சத்தமில்லாத விசிறியில் தூங்குவாள். அவளையும் அழைத்துப் போவேன். இவளை அந்த வியாழக்கிழமைதான் அழைத்துப் போக முடியும்.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ. மேற்படி பதினொரு உருப்படிகளையும் 'மேசை விசிறி, ஒன்று, குழந்தையின் சொந்த உபயோகத்துக்கு' எனத் திருத்தி ஏற்று, வணிகச் சரக்கு முத்திரையை நீக்கித் தர வேண்டும்.

ஆ. மின்சாதனங்களைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இந்த ஒன்றை மட்டும் புறப்படும் அன்று காலை படகடியில் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு நாட்களை எங்களால் தாங்க முடியாது. தையற்கடைக்காரராலும் முடியாது.

இ. தங்களுக்குச் சந்தேகம் இருந்தால், எந்த நாள் காலையிலும் விசிறியையும் குழந்தையையும் தங்கள் அலுவலகத்துக்கே கொண்டு வரத் தயார். ஒரு மின்செருகியும் ஐந்து நிமிடமும் போதும்.

13. இம்மனுவை எழுதும்போது மதியம். விசிறி திரும்பப் பூட்டப்பட்டு மேசை மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் தூங்குகிறாள். இவ்வளவு நீளமாக என்னால் எழுத முடிந்ததே அந்த விசிறி வணிகச் சரக்கு இல்லை என்பதற்குச் சான்று. இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். விசிறி வலது ஓரத்துக்குப் போய் 'டக்' என்னும்போதெல்லாம் தூக்கத்திலேயே அவள் சுட்டுவிரல் லேசாக எழுந்து தாழ்கிறது. என் பரிசோதனை அறையில் இருப்பவர்கள் செய்வது போல. நான் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கேட்கிறது, இங்கேதான் இருக்கிறேன் என்கிறாள். அலைச் சத்தத்துக்கு அந்த விரல் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும் ஐயா. வியாழக்கிழமை காலை ஆறரைக்கே மூவரும் விசிறியோடு படகடியில் நிற்போம்.

இடம்: சமையலறை மேசை
நாள்: செவ்வாய்க்கிழமை, படகுக்கு ஒன்பது நாள் முன்பு

தங்கள் பதிலுக்காகப் பெட்டியை மூடாமல் வைத்திருக்கும்,
(ஒப்பம்)
பம்பரத்தின் அம்மா

இணைப்பு:
1. சிவப்பு முத்திரையிட்ட பழைய படிவம்.
2. விசிறியின் புகைப்படம். ஓரத்தில் தெரியும் குழந்தையின் காலைப் பொருட்படுத்த வேண்டாம்.
3. என் கணவர் தன் கைப்பட எழுதிய புதிய படிவம். 'விசிறி – 1.' இந்த ஒரு வரிக்கு அவர் நான்கு தாள்களைக் கிழித்தார். முத்திரை வைக்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன்.